தண்ணீர் மேல் பழி போடலாமா?

"என்னமோ தெரியலை, இந்த ஊர்த் தண்ணிக்குச் சமையலே சரியா வர மாட்டேங்குது!"

மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போன எந்த இல்லத்தரசியும் இந்த வார்த்தையை ஒரு தடவையாவது சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை நான் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. இரண்டாவது தடவை சொன்னது சுத்தப் பொய். அதை எல்லோரும் நம்பினார்கள், நான் உள்பட! முதல் வழக்கு துவரம்பருப்பு, இரண்டாவது வழக்கு பிரெட்டும் பீட்ஸாவும். இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றது தண்ணீர்தான்.

எனக்குப் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் கோயமுத்தூர். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். "உலகத்திலேயே ரெண்டாவது ருசியான தண்ணி" என்று அடித்துச் சொல்வார்கள். அப்போ முதல் பரிசு யாருக்கு, பரிசைக் கொடுத்தது யார் என்று கேட்டால் பதில் வராது! போகட்டும், நல்ல தண்ணீர்தான். அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து மலையில். காட்டில் பெய்த மழை, அதிகமாக உப்பைக் கரைத்துக் கொள்ளாமல் நேராக வந்து சேருகிறது. அந்த அருமை, அதைக் குடித்த நாளில் எனக்குத் தெரியவில்லை.

2003-ம் வருஷம் இவருக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. வேளச்சேரிப் பக்கம் ஒரு வாடகை வீடு. மூத்தவளுக்கு அப்போது பத்து மாதம். துணைக்கு என் மாமியாரும் வந்திருந்தார். சென்னையில் அந்தச் சமயம் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வீராணம் தண்ணீர் 2004-ல்தான் வந்தது. குடிக்க லாரித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். சமையல் "மற்ற எல்லாவற்றில்" சேர்த்தி.

போன மறு நாளே ஆரம்பித்தது வினை. பருப்பு வேகவில்லை. மூன்று விசிலுக்கு வெண்ணெய் மாதிரிக் குழைகிற பருப்பு, ஏழு விசில் வைத்தும் முழுசு முழுசாக நின்றது. மத்தால் கடைந்தால் தண்ணீர் தனி, பருப்பு தனி. கடையை மாற்றினேன். பருப்பை மாற்றினேன். குக்கருக்குக் காஸ்கெட் மாற்றினேன். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஊஹும்!

பெரியவர்கள் பொறுத்துக் கொள்ளலாம். குழந்தை? அவளுக்கு அப்போது பருப்புச் சாதம்தான் முக்கிய ஆகாரம். எவ்வளவு மசித்தாலும் நாக்கில் நறநறக்கும் போலிருக்கிறது, இரண்டு வாய்க்கு மேல் துப்பி விடுவாள். மாதா மாதம் எடை பார்க்கிற இடத்தில், "போன மாச எடையேதானே இருக்கு, சாப்பாடு ஒழுங்கா குடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக் கொண்டு வந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் என் மாமியார் ஊருக்குப் போன் பேசிக் கொண்டிருந்தது காதில் விழுந்தது. "வந்து ரெண்டு வருசமாச்சு, இன்னும் ஒரு பருப்பு வேக வெக்கத் தெரியலை பாரு. புள்ளை துரும்பா எளைச்சுப் போச்சு." சத்தமாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

"தண்ணி சரியில்லைங்க அத்தை" என்று நான் சொன்னதற்கு, "நாங்கெல்லாம் கெணத்துத் தண்ணியில சமைக்காததா?" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்து விட்டார். இவரோ, பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியவர் மாடியில் குடியிருந்த டீச்சரம்மா. ரிட்டயராகும் வரை பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர். என் அழுது வடிந்த முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் சிரித்தார். இரண்டு எவர்சில்வர் தம்ளர் கொண்டு வரச் சொல்லி, ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் லாரித் தண்ணீர் எடுத்துக் கொண்டார். சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவி இரண்டிலும் போட்டுக் கையால் மூடிக் குலுக்கினார். லாரித் தண்ணீரில் விரல் உயரத்துக்கு நுரை. போர் தண்ணீரில் நுரையே இல்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தது.

"இவ்வளவுதாம்மா. பத்தாவதுல படிச்சியே கடின நீர், மென்னீர்... அதேதான் இது. பரீட்சை எழுதிட்டு மறந்துட்டே!"

மறக்கத்தான் மறந்திருந்தேன். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதிய விஷயம் என் அடுப்படிக்கு வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நிலத்தடித் தண்ணீர் பாறையிலும் மண்ணிலும் ஊறி வரும்போது கால்சியம், மக்னீசியம் உப்புக்களைக் கரைத்துக் கொண்டு வருகிறது. இவை அதிகமிருந்தால் கடின நீர். பருப்பு, பயறுகளின் தசையைச் சேர்த்துப் பிடித்துக் கொண்டிருப்பது பெக்டின் என்ற பசை. பருப்பு வேகிறது என்றால் இந்தப் பசை இளகிக் கரைகிறது என்று அர்த்தம். கால்சியம் போய் அந்தப் பசையோடு ஒட்டிக் கொண்டால் அது இளகாமல் இறுகி விடுகிறது. அப்புறம் நீங்கள் பத்து விசில் வைத்தாலும் கதை அவ்வளவுதான்.

அன்று ராத்திரி, குடிக்க வைத்திருந்த லாரித் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துப் பருப்பு வைத்தேன். மூன்றே விசில். மூடியைத் திறந்தால், கரண்டி பட்டதுமே குழைந்தது. குழந்தை ஒரு கிண்ணம் காலி செய்தாள். என் மாமியார் பார்த்துக் கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறு நாள் விடியற்காலை லாரி ஹாரன் கேட்டதும், நான் எழுந்திருப்பதற்குள் அவரே இரண்டு குடத்தை எடுத்துக் கொண்டு போய் வரிசையில் நின்றிருந்தார். நாங்கள் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் பருப்புக்கான குடம் அவர் பொறுப்பு.

இளம் தாய்மார்களுக்காக இங்கேயே சில விஷயங்களைச் சொல்லி விடுகிறேன். நல்ல தண்ணீர் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறதென்றால், அதைப் பருப்புக்கும், பயறு ஊற வைப்பதற்கும், காப்பி, டீக்கும் ஒதுக்குங்கள். காய் கழுவ, அரிசி களைய, பாத்திரம் தேய்க்க எந்தத் தண்ணீரானாலும் சரி. போர் தண்ணீர் மட்டும்தான் உண்டென்றால், நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேலாக இறுத்துக் கொள்ளுங்கள். ஒரு வகை உப்பு கொதியில் பிரிந்து வெள்ளையாக அடியில் படிந்து விடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக் கொள்கிறதே, அதுதான். எல்லா உப்பும் இப்படிப் போய்விடாது. ஆனாலும் பாதி சங்கடம் தீரும். பருப்பை முக்கால் மணி நேரம் ஊற வைத்து வேக வையுங்கள். புளியையும் தக்காளியையும் பருப்பு குழைந்த பிறகு சேருங்கள். புளிப்பும் பருப்பை இறுக்கும். சிலர் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். சீக்கிரம் வெந்துவிடும், வாஸ்தவம். ஆனால் பருப்பில் இருக்கிற பி1 வைட்டமின் அதில் வீணாகும். குழந்தைக்குக் கொடுக்கிற பருப்பில் அது வேண்டாமே!

இன்னொன்று. ருசியான தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. தேன் மாதிரி இனிக்கிற தண்ணீரிலும் நோய்க் கிருமி இருக்கலாம். குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பது எந்த ஊர்த் தண்ணீரானாலும் காய்ச்சி ஆற வைத்ததாக இருக்கட்டும்.

முதல் வழக்கில் நான் ஜெயித்தேன். அதனால் வந்த கர்வம்தான் இரண்டாவது வழக்கில் என்னைக் கவிழ்த்தது.

2018-ல் என் தங்கைக்குப் பிரசவம். அவள் இருந்தது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் நான் போய் மூன்று மாதம் இருந்தேன். அவர்கள் வீட்டிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகிற ரயிலில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் நியூயார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போய் பீட்ஸா வாங்கிக் கொடுத்தார்கள். நம் ஊரில் சாப்பிடுகிற தடித்த பன் மாதிரி இல்லை. அகலமான ஒரு துண்டு. அடி மொறுமொறுவென்று இருக்கிறது, ஆனால் மடித்தால் உடைவதில்லை, மடங்குகிறது. ஓரத்தில் அங்கங்கே கறுத்துப் பொங்கி, லேசான புளிப்பு வாசனை. பேகல் என்று இன்னொன்று. பார்க்க மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, அதற்கப்புறம் அடுப்பில் வேக வைக்கிற ரொட்டி. கடித்தால் பல்லுக்கு வேலை வைக்கும். ருசி கண்டு விட்டால் விடாது!

"இதெல்லாம் நியூயார்க் தண்ணிக்குத்தான் வரும் அக்கா. வேற ஊர்ல இந்த மாவையே கொண்டு போய்ப் போட்டாலும் வராதாம்" என்றாள் தங்கை.

அந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணி, கும்பகோணம் காப்பிக்குக் காவேரி என்று சொல்கிறோமே, அது மாதிரி. எங்கோ தெற்கே புளோரிடாவில், நியூயார்க் தண்ணீர் மாதிரியே பக்குவம் செய்கிற இயந்திரத்தை வைத்துக் கொண்டு பேகல் விற்கிறவர்களும் இருக்கிறார்களாம். நான் விடுவேனா? "தண்ணிதாண்டி காரணம்! எனக்குத் தெரியாதா? பருப்புல பட்டவ நான்" என்று சொல்லி, டீச்சரம்மாவின் பெக்டின் பாடத்தை அவளுக்கும் எடுத்தேன்.

நியூயார்க் நகரத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதில் சந்தேகமில்லை. கேட்ஸ்கில் என்ற மலைப் பகுதியிலும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியிலும் பெரிய பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டி, 200 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் குழாயிலும் சுரங்கத்திலும் கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் வாட்டத்திலேயே ஓடி வந்து விடுகிறது. காடுகளை அவ்வளவு கவனமாகப் பாதுகாப்பதால் நூற்றில் 90 பங்குக்கு மேல் வடிகட்டாமலே, கிருமிநாசம் மட்டும் செய்து கொடுக்கிறார்கள். சிறுவாணி மாதிரி மென்னீர். எனக்கு அது போதாதா, முடிவு கட்டுவதற்கு? ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறி விட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

2020. ஊரடங்கு. வீட்டில் எல்லோரும் இருக்க, கடையில் பிரெட் கிடைக்காத சமயம். பழைய ஓ.டி.ஜி. அடுப்பைத் தூசி தட்டி எடுத்துப் பிரெட் போட ஆரம்பித்தேன். கல்! முதல் பிரெட்டை என் பிள்ளை, "அம்மா, கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்று எடுத்துக் கொண்டு போனான். பீட்ஸா செய்தேன். மேலே காய் கருகி, அடியில் மாவு வேகாமல் பல்லில் ஒட்டியது. நான் உடனே தீர்ப்புச் சொல்லி விட்டேன்: "சென்னைத் தண்ணிக்கு இதெல்லாம் வராது. நியூயார்க்காரனே சொல்றான்."

இந்தத் தடவை யாரும் மறுத்துப் பேசவில்லை. 2003-ல் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருந்ததே! இவர் போய் உடனே கேன் தண்ணீர் வாங்கி வந்தார். வரவில்லை. அடுத்து, கடனோ உடனோ என்று ஆர்.ஓ. இயந்திரம் மாட்டினோம். அப்போதும் பிரெட் கல்தான். இரண்டு மாதத்தில் எத்தனை கிலோ மைதா, எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு கரண்ட் என்று கணக்குப் பார்க்காமலிருப்பதே மனசுக்கு நல்லது. கடைசியில் என் மாமியார்தான், "ஏங் கண்ணு, தண்ணியத்தான் மூணு தரம் மாத்தியாச்சே. இன்னும் அது மேலயே எதுக்குப் பழி போடறே? வேற எதையாச்சும் மாத்திப் பாரேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்ட கேள்வி நியாயம்.

ஊரடங்கு தளர்ந்து என் தம்பி கோவையிலிருந்து வந்தபோது இரண்டு பாட்டில் சிறுவாணித் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன். ஒரு கை பார்த்து விடுவது என்று முடிவு. ஆர்.ஓ. மாட்ட வந்த பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டுப் போயிருந்தான், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு மொத்தம் எவ்வளவு என்று காட்டுவது. எங்கள் போர் தண்ணீரில் வைத்தால் 1,100. ஆர்.ஓ. தண்ணீரில் 60. சிறுவாணி 50-க்கும் கீழே. (குடிதண்ணீரில் இது 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.)

ஒரே மைதா, ஒரே ஈஸ்ட், ஒரே அளவு உப்பு. தண்ணீர் மட்டும் வேறு. மூன்று பாத்திரத்தில் மாவு பிசைந்தேன். பிசையும்போது வித்தியாசம் தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது. போர் தண்ணீர் மாவு கொஞ்சம் விறைப்பாக நின்றது. பொங்கி வரக் கால் மணி போல அதிகம் எடுத்தது. ஆர்.ஓ. மாவும் சிறுவாணி மாவும் தொளதொளவென்று கையில் ஒட்டின. காரணம் இருக்கிறது. கால்சியம் பருப்பின் பசையை இறுக்குவது போலவே மாவில் உள்ள குளூட்டன் என்கிற இழுவைப் பசைக்கும் கொஞ்சம் பலம் கொடுக்கிறது. பிரெட்டுக்கு ரொம்பவும் மென்மையான தண்ணீரை விட, நடுத்தரமாகக் கொஞ்சம் உப்புள்ள தண்ணீரே வசதி என்பதுதான் ரொட்டிக் கடைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வது. பருப்புக்கு ஆகாதது ரொட்டிக்கு ஆகிறது, பாருங்களேன்!

மூன்றையும் பன்னாகப் போட்டு, அடியில் அடையாளம் வைத்து, வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். எது எந்தத் தண்ணீர் என்று சொல்ல வேண்டும். ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. என் மாமியார் ஒரு பன்னை எடுத்து, கண்ணை மூடிக் கொண்டு மென்று, "இதுதான் நம்ம சிறுவாணி. அந்த இனிப்பு மறையுமா?" என்றார். திருப்பிப் பார்த்தால், போர் தண்ணீர்! வீடே அதிர்ந்தது சிரிப்பில். அவரும் சிரித்தார். மூன்று பன்னும் ஒரே மாதிரி சுமாராகத்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் தண்ணீரைத் தொடவில்லை. ஆர்.ஓ. தண்ணீரையே வைத்துக் கொண்டு நேரத்தை மாற்றினேன். ஒரு மாவு வழக்கம் போல இரண்டு மணி நேரம் பொங்க வைத்தது. இன்னொன்று, ஈஸ்ட்டை நாலில் ஒரு பங்காகக் குறைத்து, மூடி போட்ட டப்பாவில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஃப்ரிட்ஜில் வைத்தது. நம் இட்லி மாவுக்கு நேரம் கொடுப்பது போலத்தான். அரைத்த உடனே இட்லி ஊற்றினால் எப்படி இருக்கும்? இரண்டையும் பீட்ஸாவாகப் போட்டேன். இந்தத் தடவை கண்ணைக் கட்டிக் கொண்டு கூடச் சொல்லி விடலாம். ஃப்ரிட்ஜ் மாவில் அந்த லேசான புளிப்பு வாசனை, ஓரத்தில் பெரிய பெரிய குமிழி. நியூயார்க்கில் நான் சாப்பிட்டதற்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்!

தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் இன்னொரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். நான் தவற விட்டேன் என்றேனே, அது இதுதான். அவர்கள் தெருமுனைக் கடையில் வாரா வாரம் நான் சாப்பிட்ட பீட்ஸா நியூயார்க் பீட்ஸாவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் ஜெர்சி சிட்டிக்கு வருவது நியூயார்க் தண்ணீரே அல்ல! அது நியூ ஜெர்சியிலேயே பூன்டன் என்ற இடத்து நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. (அமெரிக்காவில் ஒரு நகரத்துக் குடிதண்ணீருக்கு முதன்முதலாகத் தொடர்ந்து குளோரின் போட ஆரம்பித்ததே அங்கேதான், 1908-ல்.) ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தண்ணீர், அந்தப் பக்கம் ஒரு தண்ணீர். பீட்ஸா மட்டும் இரண்டு பக்கமும் பிரமாதம்!

அது போகட்டும், பீட்ஸாவுக்குத் தாய் வீடு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். அங்கே பீட்ஸா செய்கிற கலையை 2017-ல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஊருக்கு 1884-ல் காலரா கண்டதற்கப்புறம், 1885-ல் செரினோ என்ற இடத்து ஊற்றுக்களிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவை சுண்ணாம்புப் பாறை மலைகளில் ஊறி வருகிற ஊற்றுக்கள். நியூயார்க்கின் மென்னீர் ஒரு பக்கம், நேப்பிள்ஸின் சுண்ணாம்பு மலைத் தண்ணீர் ஒரு பக்கம். இரண்டு ஊர்க்காரர்களும் மார்தட்டிக் கொள்கிறார்கள்!

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அடுப்பில் என்பது என் கட்சி. நேப்பிள்ஸில் விறகு அடுப்பு, 430 டிகிரிக்கு மேல் சூடு, ஒன்று ஒன்றரை நிமிஷத்தில் பீட்ஸா வெளியே வந்து விடும். நியூயார்க்கின் பழைய கடைகளில் நிலக்கரி அடுப்பு. நம் வீட்டு ஓ.டி.ஜி. முக்கி முக்கி 250 டிகிரி. அப்புறம் மாவு. அவர்கள் உபயோகிக்கிற கோதுமை மாவில் புரதம் அதிகம், இழுவை அதிகம். நம் மைதா பரோட்டாவுக்கு ஏற்றது, பீட்ஸாவுக்குக் கொஞ்சம் பலம் போதாது. அதற்கப்புறம் பொறுமை, ஒரு நாள் முழுக்க மாவைக் குளிரில் தூங்க விடுகிற பொறுமை. இவ்வளவுக்கும் அப்புறம்தான் தண்ணீர் வருகிறது. அதிலும் ரொம்ப உப்புக் கரிக்கிற தண்ணீராக இருந்தால்தான் ருசியில் தெரியும். குழாய்த் தண்ணீரில் சாதாரணமாகப் போடுகிற குளோரின் ஈஸ்ட்டைக் கொன்று விடாது. வாசனை தூக்கலாக இருந்தால் ராத்திரியே பிடித்துத் திறந்து வைத்தால் போகிறது.

என் அடுப்பில் இப்போது வருகிற முறையைச் சொல்கிறேன். மைதா அரைக் கிலோ, தண்ணீர் 310 மில்லி, உப்பு 2 டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். ஈஸ்ட் பழசோ என்று சந்தேகம் வந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு கொஞ்சம் கலந்து பத்து நிமிஷம் பாருங்கள். நுரைக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். (என் முதல் கல் பிரெட்டுக்குக் காரணம் ஒரு வருஷப் பழைய ஈஸ்ட் என்பதை இப்போது ஒப்புக் கொள்கிறேன்.) கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்து விடும். பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்து, எண்ணெய் தடவிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். செய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து மூன்று உருண்டையாக்கிக் கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத கனமான இரும்பு தோசைக்கல்லை ஓ.டி.ஜி.யின் உள்ளே கவிழ்த்து வைத்து, முழுச் சூட்டில் 40 நிமிஷம் காய விடுங்கள். அதன் மேல் பீட்ஸாவை நழுவ விட்டால், எட்டு பத்து நிமிஷத்தில் அடி மொறுமொறுவென்று வரும். மாவைத் தட்டும்போது உருட்டுக் கட்டை வேண்டாம், உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய் விடும். விரலாலேயே பரத்துங்கள். தக்காளியும் சீஸும் கொஞ்சமாகப் போடுங்கள். குழந்தைகள் கேட்கிறார்களே என்று அள்ளி வைத்தால், நடுவில் சொதசொதத்து விடும்.

என் தங்கை குடும்பம் 2022-ல் டெக்ஸாஸில் சான் அன்டோனியோ என்ற ஊருக்கு மாறியிருக்கிறது. போய்ப் பத்து நாளைக்குள் ராத்திரி போன்.

"அக்கா, இங்க பீட்ஸா வாயில வெக்க விளங்கலை. தண்ணி சரியில்லைன்னு நினைக்கிறேன்."

"தண்ணி மேல பழி போடாதே. மாவைப் பிசைஞ்சு ஒரு நாள் ஃப்ரிட்ஜில வெச்சு, நீயே வீட்ல போடு."

"அது சரி... பருப்பும் வேக மாட்டேங்குதே? எட்டு விசில் வெச்சேன். சின்னது துப்பித் துப்பி வெக்கிது."

அந்த ஊருக்குத் தண்ணீர் பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து எடுக்கிறார்கள் என்று அவளே பேச்சு வாக்கில் சொன்னாள். ஒரு தம்ளரும் கொஞ்சம் குளியல் சோப்பும் எடுத்துக் கொண்டு வரச் சொன்னேன். இந்தப் பக்கம் என் மாமியார் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, போனை என் கையிலிருந்து வாங்கிக் கொண்டு, "கண்ணு, பருப்புக்கு மட்டும் தனியாத் தண்ணி புடிச்சு வெய்யி" என்று ஆரம்பித்து விட்டார்.